இமை அழற்சிக்குச் சூட்டு ஒத்தணம்: யாழ்ப்பாணத்தில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

45 பாகை செல்சியஸ். இமைக்கு ஒத்தணம் பிடிக்க நீங்கள் வாங்கப்போகும் எந்தப் பொருளையும் இந்த ஒரு இலக்கத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். பெட்டியில் 'நல்ல நித்திரை வரும்', 'கருவளையம் போகும்', 'கண்களைப்புத் தீரும்' என்று எல்லாம் எழுதியிருக்கும். தோலில் படும்போது எத்தனை பாகை, எத்தனை நிமிடம் நிற்கும் என்பது மட்டும் அநேகமாக இருக்காது. ஆஸ்பத்திரி வீதிப் பார்மசிகள், கஸ்தூரியார் வீதிக் கடைகள், இணைய விற்பனை என்று எங்கே வாங்கினாலும் கதை இதுதான்.

இந்த மதிப்பீடு நாட்பட்ட இமை அழற்சிக்காரருக்கானது. காலையில் எழும்பும்போது இமையோரம் பிசுபிசுப்பு, கண்ணுக்குள் மண் விழுந்த மாதிரி உறுத்தல், இமைமயிர் அடியில் பொடுகு, வாசிக்கும்போது பார்வை மங்கிச் சிமிட்டினால் தெளிவது, ஆறி ஆறித் திரும்ப வரும் கட்டி ஆகியவைதான் அதன் முகம். கண் வைத்தியர் பார்த்து 'ஒத்தணம் பிடியுங்கோ' என்று சொல்லிவிட்ட பிறகு எழும் கேள்விக்கே இங்கே பதில். வைத்தியரிடம் காட்டாமல் கடையில் சூட்டுக் கண்பட்டி வாங்குவது தலைகீழான வேலை.

இலக்கம் ஏன் 45? இமையின் விளிம்பில், மயிர்வரிசைக்குச் சற்று உள்ளே, எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. 1666 இல் இவற்றை விவரித்த ஜெர்மன் வைத்தியர் ஹைன்ரிக் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பி என்பார்கள். நல்ல சுரப்பியின் எண்ணெய் இமையின் இயல்பான சூட்டிலேயே இளகிக் கண்ணீரின் மேல் பரவி, அது காய்ந்துபோகாமல் காக்கும். அடைபட்ட சுரப்பியில் அது பற்பசை போலத் தடித்துவிடும். மார்கழிக் குளிரில் போத்தலுக்குள் மங்கிக் கட்டிபடும் தேங்காயெண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்தால் அது திரும்ப ஓடும். அதே வேலையைத்தான் ஒத்தணம் செய்கிறது.

சுரப்பி இருப்பது இமையின் உட்பக்கத்தில். வெளித்தோலில் வைக்கும் சூடு உள்ளே போகும் வழியில் இமையின் இரத்த ஓட்டம் அதில் ஒரு பங்கை அள்ளிக்கொண்டு போய்விடும். உள்ளே 40 பாகையளவு கிடைக்க வேண்டுமானால் வெளியே அதைவிடச் சில பாகை கூடுதலாக வைக்க வேண்டும். வைத்தியசாலைகளில் இமையை உட்புறமாகவே சூடாக்கும் லிப்பிஃபுளோ என்ற இயந்திரம்கூடக் கருவிழியை மறைத்துக்கொண்டு 42.5 பாகையில் 12 நிமிடத்தோடு நிறுத்திவிடுகிறது.

மறுபக்கம் சுடுபுண். தோல் எத்தனை பாகையில் எவ்வளவு நேரத்தில் வேகும் என்பதை 1947 இல் மொரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இருவர் அளந்து வெளியிட்டார்கள். 44 பாகையில் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். 49 பாகையில் பத்து நிமிடத்துக்குள். 55 பாகையில் அரை நிமிடம். 60 பாகையில் ஐந்து விநாடி. இது சாதாரணத் தோலின் கணக்கு. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல். ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ஆகவே 40க்குக் கீழே போனால் மினக்கேடு மட்டும்தான் மிச்சம், 45க்கு மேலே போனால் புண். கையிலிருப்பது ஐந்து பாகை இடைவெளி.

கையால் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தோசைக்கல்லைத் தொட்டுச் சூடு பார்க்கிற கைக்கு 50 பாகை 'பரவாயில்லை' என்றுதான் படும். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியும் உதவாது. 42, 43ஐத் தாண்டினால் அது இலக்கம் காட்டாது. சமையலுக்குப் பாவிக்கும் கம்பி வைத்த டிஜிற்றல் வெப்பமானி ஒன்று போதும். கொரோனாக் காலத்தில் வாங்கி மூலையில் போட்ட நெற்றி வெப்பமானி இருந்தால் அதன் பட்டன்களைப் பாருங்கள். பல மாதிரிகளில் உடம்புச் சூட்டிலிருந்து பொருட்சூட்டுக்கு மாற்றும் வசதி உண்டு. அந்த நிலையில் துணியின் மேற்பரப்பை அளக்கலாம். பளபளக்கும் எவர்சில்வர்ப் பாத்திரத்தை அளந்தால் மட்டும் அது பொய் சொல்லும்.

வெப்பமானி எதுவுமே இல்லாவிட்டால், முன்கையின் உட்பக்கத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும். 'சுள்' என்றாலோ, எடுத்த பிறகு தோல் சிவந்து நின்றாலோ இமைக்கு அது கூடாது.

துணியும் பிளாஸ்க்கும்: எங்கள் முதல் தெரிவு

பெட்டி இல்லை, விளம்பரம் இல்லை, கரண்டும் தேவையில்லை. எல்லாவற்றிலும் கடைசியில் போய் நிற்கிற இந்த முறையைத்தான் நாங்கள் முதலில் வைக்கிறோம். சூட்டை நீங்களே அளந்து கலக்கிறீர்கள். பிழைத்தாலும் துணி ஆறத்தான் செய்யும், கொதிக்காது.

வேண்டியவை: ஒரு லீற்றர் பிளாஸ்க், ஒரு எவர்சில்வர்க் கோப்பை, ஒரு சாண் சதுரமான வெள்ளைப் பருத்தித் துவாய்த்துண்டு ஐந்து. நிறச் சாயம் போகும் துணி வேண்டாம். லேஞ்சியும் வேண்டாம்; அது மெல்லியது, இமையில் வைத்த உடனேயே குளிர்ந்துவிடும்.

கலவைக் கணக்கு இதுதான்: கேத்திலில் இருந்து இறக்கிய உடன் தண்ணி என்றால் ஒரு பேணி கொதிதண்ணிக்கு மூன்று பேணி ஆறின தண்ணி. எங்கள் ஊரில் குடத்துத் தண்ணி 29, 30 பாகையில் நிற்கும். கலந்தால் 47 பாகைக்குக் கிட்ட வரும். கோப்பை குடிக்கிற சூட்டையும் கழித்தால் 45, 46. விடிய ஊற்றி வைத்த பிளாஸ்க் தண்ணி பின்னேரம் அவ்வளவு சூடாக இராது. அதே ஒன்றுக்கு மூன்று கணக்கில் 44 பாகையளவில் நிற்கும். பிழிந்து உதறும்போது துணி இன்னும் கொஞ்சம் ஆறும் என்பதால் இரண்டுமே பாவிக்கக்கூடியவைதான். ஒன்றுக்கு இரண்டு என்று கலந்தால் 52ஐத் தாண்டும். அதில் நனைத்த துணி இமைக்கு ஆபத்து. பேணி பெரிதோ சிறிதோ பரவாயில்லை, எல்லாவற்றையும் ஒரே பேணியால் அளவுங்கள்.

துணியை நாலாக மடித்து நனைத்து, சொட்டுத் தண்ணியும் விழாதபடி பிழியுங்கள். சொட்டும் துணி இரண்டு வகையில் கெடுதல். சூட்டுத் தண்ணி வழிந்து கண்ணுக்குள் போகும். ஈரம் தேங்கி இமைக்கோடியில் தோல் வெந்து உரியும். பிழிந்த துணியை ஒருமுறை உதறி, மூடிய கண்கள் மேல் போடுங்கள். போடுவதுதான், அழுத்துவதில்லை.

அநேகர் தோற்கிற இடம் அடுத்தது. ஈரத்துணி இரண்டு நிமிடத்துக்கு மேல் சூடு தாங்காது. ஒரே துணியைப் பத்து நிமிடம் போட்டபடி படுத்திருப்பவர் எட்டு நிமிடம் குளிர் ஒத்தணம்தான் பிடிக்கிறார். மேலே மின்விசிறி சுழன்றால் கதை இன்னும் மோசம். ஈரம் ஆவியாகும் வேகத்தில் ஒரு நிமிடத்திலேயே துணி குளிர்ந்துவிடும். விசிறியை நிறுத்துங்கள். துணியின் மேல் ஒரு காய்ந்த துவாயை மடித்துப் போடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு துணி, ஐந்து துணி, பத்து நிமிடம்.

இடையில் கோப்பைத் தண்ணி ஆறும். நாலு பேணித் தண்ணி 800 மில்லிலீற்றர் அளவு என்று வைத்தால், மூன்று பாகை இறங்கினதைத் திருப்பி ஏற்ற 50 மில்லிலீற்றர் கொதிதண்ணி போதும். ஊற்றும்போது துணி கோப்பைக்குள் இருக்கக்கூடாது. கொதிதண்ணி நேரே பட்ட துணியின் ஒரு மூலை மட்டும் 60 பாகையில் இருக்கும். மடித்து வைக்கும்போது அந்த மூலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாது. ஊற்றிக் கலக்கி, அளந்த பிறகு துணியைப் போடுங்கள்.

எழும்பி எழும்பி நனைப்பது கரைச்சல் என்றால், மூடி போட்ட ஹொட்பொக்ஸ் உதவும். 48 பாகைத் தண்ணியில் ஐந்தையும் நனைத்துப் பிழிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கி அடுக்கி மூடிவிடுங்கள். ஒவ்வொன்றாக எடுக்கும்போது விரித்து ஒரு மூச்சு நேரம் பிடித்துப் பிறகு போடுங்கள். முதல் துணியை மட்டும் கட்டாயம் முன்கையில் பார்த்தே போட வேண்டும்.

குறை ஒன்று உண்டு. துணி சுத்தமாக இருக்க வேண்டும், தினமும். ஈரத்தோடு கொடியில் தொங்கிய துணியை அடுத்த நாளும் கண்ணில் வைத்தால் அழற்சிக்கு வைத்தியம் பார்ப்பதாக இல்லை. சவர்க்காரம் போட்டு, நன்றாக அலசி, வெயிலில் மொறுமொறு என்று காய வையுங்கள். வெயிலுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. வாசனைப் பதமாக்கி போடாதீர்கள். அந்த வாசனையே சில இமைகளைச் சிவக்க வைக்கும். வீட்டில் வேறு யாரும் அந்தத் துணியைத் தொடக்கூடாது. ஒரு கண்ணில் பூளை கூட என்றால் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு துணி.

மைக்ரோவேவ் கண்பட்டி: நல்ல பொருள், கெட்ட பழக்கம்

உள்ளே சிறு மணிகள் நிரப்பிய பட்டி. அந்த மணிகள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்திருந்து, சூடாகும்போது விடும். இந்த வகையில் தெரிந்த பெயர் அமெரிக்காவின் புரூடர். 20 முதல் 25 விநாடி சூடாக்கிப் பத்து நிமிடம் வைக்கச் சொல்கிறது. ஆளிவிதை நிரப்பிய பட்டிகளும் உண்டு. பத்து நிமிடம் துணி மாற்றாமல் சூடு நிற்பது இவற்றின் பெரிய பலம். தினமும் இரண்டு வேளை மாதக்கணக்கில் செய்ய வேண்டிய வேலைக்கு இந்த வசதி சின்ன விஷயமில்லை. வீட்டில் மைக்ரோவேவ் இருந்தால் இதை இரண்டாவதாக வைப்போம்.

பிழைக்கிற இடம் விநாடிக் கணக்கு. பெட்டியில் எழுதிய நேரம் ஒரு குறிப்பிட்ட சக்திக்கானது. 700 வாற்று அவணில் 25 விநாடி கொடுக்கிற சூட்டை 1000 வாற்று அவண் பதினேழரை விநாடியில் கொடுத்துவிடும். உங்கள் அவணின் வாற்று அளவு பின்புறத் தகட்டில் இருக்கும். அதிலும் கவனம், மின்சாரம் இழுக்கும் அளவு ஒன்று, சமைக்கும் அளவு ஒன்று என்று இரண்டு இலக்கம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது சிறிய இலக்கம். முதல் தடவை பெட்டி சொன்ன நேரத்தின் பாதியில் தொடங்கி, ஐந்து ஐந்து விநாடியாகக் கூட்டி, 45ஐத் தொடும் நேரத்தைக் கண்டுபிடித்து அவணின் கதவில் ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது பிழை, பட்டி அவண் சுவரில் முட்டித் தட்டுச் சுழலாமல் நிற்பது. கதவுக் கண்ணாடியால் பாருங்கள், சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஒரு பக்கம் இளஞ்சூடாகவும் மறுபக்கம் புண்ணாக்கும் சூடாகவும் இருக்கும். எடுத்தவுடன் பட்டியைக் குலுக்கி மணிகளைக் கலந்து, அரை நிமிடம் வைத்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளவுங்கள்.

மூன்றாவது, ஒருவர் வைத்து எடுத்த உடனேயே அடுத்தவருக்காகத் திரும்பச் சூடாக்குவது. மணிகள் ஈரத்தைத் திரும்பக் குடிக்க மணிக்கணக்காகும். காய்ந்த பட்டியைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் துணி கருகும். ஆளிவிதை, அரிசி போன்றவை என்றால் புகையே வரும். கருகிய மணம் வந்த பட்டியைத் தூக்கி எறியுங்கள், காசைப் பார்க்காதீர்கள். அவண் சுவரில் ஒட்டியிருக்கும் நேற்றைய குழம்பும் பட்டியில் ஒட்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

வாங்கும்போது பாருங்கள்: மேலுறை கழற்றித் தோய்க்கக்கூடியதா? இரண்டு கண்ணுக்கும் நடுவில் மூக்குக்கு இடம் விட்டுத் தைத்திருக்கிறதா? தைக்காத நீள்பையில் மணிகள் எல்லாம் மூக்குத்தண்டில் சேர்ந்துவிடும். இமையில் சூடே படாது. பாரமும் முக்கியம். கண்ணை அமுக்குகிற பட்டி வேண்டாம். ஏன் என்பது கீழே.

மின் கண்பட்டி

யூஎஸ்பி வயரில் ஓடும் இவை இப்போது எங்கும் கிடைக்கின்றன. போன் சார்ஜரிலோ பவர் பாங்கிலோ ஓடும், மைக்ரோவேவ் வேண்டாம், கரண்ட் நின்றாலும் வேலை நடக்கும். எங்கள் தயக்கம் இரண்டு.

ஒன்று, திரையில் தெரியும் பாகை தோலின் பாகை இல்லை. உணரி பட்டிக்குள் சூடாகும் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் எத்தனை அடுக்குத் துணி என்பதைப் பொறுத்து இமைக்குப் போவது மாறும். 50, 55 என்று ஏற்றக்கூடிய பட்டிகள் விற்பனையில் உண்டு. அவற்றை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை, 'நான் குறைத்துத்தான் வைப்பேன்' என்றாலும். நித்திரைத் தூக்கத்தில் விரல் எந்தப் பட்டனை அமத்தும் என்று யார் கண்டார்?

இரண்டாவது தயக்கம் அந்த நித்திரைதான். துணி ஆறும், மணிப்பட்டி ஆறும், இது ஆறாது. தானாக நிற்கும் நேரக்கட்டுப்பாடு இல்லாத மின்பட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இருப்பதை வீட்டில் சோதியுங்கள். நாலாக மடித்த துவாயின் மேல் பட்டியை விரித்து, இடையில் வெப்பமானிக் கம்பியைச் செருகி, மேலே இன்னொரு துவாய் போட்டு, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஐந்தாம், பத்தாம், பதினைந்தாம் நிமிடங்களில் எழுதுங்கள். 45ஐத் தாண்டினால் அந்த நிலையை மறந்துவிடுங்கள். பிறகு ஓடும்போதே வயரைப் பிடுங்கித் திரும்பக் குத்துங்கள். தானாகவே உச்சச் சூட்டில் தொடங்கினால் அது கரண்ட் போய்ப் போய் வருகிற வீட்டுக்கு உகந்ததல்ல.

காய்ந்த சூடு என்பதால் இமைக்கும் பட்டிக்கும் நடுவில் மெல்லிய ஈரத்துணி ஒன்றைப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். பட்டிக்குள் ஈரம் இறங்கலாம் என்று உற்பத்தியாளர் எழுதியிருந்தால் மட்டும். அல்லாவிட்டால் வேண்டாம்.

ஒருமுறை பாவிக்கும் ஆவிப்பட்டி

உறையைப் பிரித்தால் தானாகச் சூடாகும். உள்ளே இரும்புத்தூள், காற்றுப் பட்டுத் துருவேறும்போது சூடு வரும். ஜப்பானின் காவோ கம்பனி விற்கும் மெக்ரிதம் பட்டி ஏறத்தாழ 40 பாகையில் 20 நிமிடம் நிற்பதாகச் சொல்கிறது. பாதுகாப்பில் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூடு சற்றுக் குறைவு, அடைப்புக் கடுமையானவருக்குப் போதாமல் போகலாம். தினம் இரண்டு என்று கணக்குப் பார்த்தால் மாதம் அறுபது பட்டி. பிரயாணத்துக்கு நல்லது, கொழும்புக்கு இரவுப் பஸ்ஸில் போகிறவர் பைக்குள் இரண்டு வைத்திருக்கலாம். வாசனை போடாததை வாங்குங்கள். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், உள்ளே இருப்பது இரும்பு.

இதே இரும்புத்தூள் தத்துவத்தில் கைக்கும் இடுப்புக்கும் விற்கும் சூட்டுப் பொட்டலங்கள் வேறு சாதி. அவை 60 பாகையையும் தாண்டும். இமைக்கு வைக்கவே கூடாது. உள்ளே ஒரு சின்னத் தகட்டை 'டிக்' என்று வளைத்தால் வெள்ளையாக உறைந்து சூடாகும் பொட்டலமும் 54 பாகைக்கு வரும், அதுவும் கூடாது.

நீல ஜெல் பட்டி குளிர் ஒத்தணத்துக்கு நல்லது. சுடுதண்ணியில் போட்டுச் சூடாக்கினால் கெதியாக ஆறிவிடும். தையல் விட்டு ஜெல் கசிந்தால் கண் எரியும். ஏற்கனவே வீட்டில் இருந்தால் பாவியுங்கள், இதற்கென்று வாங்காதீர்கள்.

அடுப்படியில் செய்பவை

அவித்த முட்டையை லேஞ்சியில் சுற்றிக் கண்ணில் உருட்டுவது: வேண்டாம். கொதிதண்ணியிலிருந்து எடுத்த முட்டையின் நடு நெடுநேரம் கொதிசூட்டிலேயே இருக்கும். வெளியே ஆறினது போலத் தெரிந்து, வைத்துக்கொண்டிருக்கும்போதே சூடு ஏறும். மைக்ரோவேவில் சூடாக்கிய முட்டை வெடித்துக் கண்ணில் காயப்பட்டவர்கள் உலகமெங்கும் உண்டு.

புட்டு அவிக்கிற பானையின் ஆவியில் துணியைக் காட்டுவது: ஆவி 100 பாகை. அது துணியில் படிந்து தண்ணியாகும்போது அடைத்து வைத்த சூட்டை எல்லாம் அங்கேயே இறக்கும். போர்வையால் மூடி முகத்துக்கு ஆவி பிடிப்பதும் இமைக்குப் பிரயோசனமில்லை. பானை கவிழ்ந்தால் ஆஸ்பத்திரிதான்.

சட்டியில் வறுத்த உப்பு, தவிடு: முழங்காலுக்குச் சரி. கண்ணுக்கு வேண்டாம்.

அரிசி நிரப்பிய சொக்ஸ்: மைக்ரோவேவ் உள்ள வீடுகளில் இதுதான் இப்போது நாகரிகம். அரிசி ஒரே சீராகச் சூடாகாது, நடுவில் கொதிக்கும் கட்டி நிற்கும். நாலைந்து தடவையில் ஈரம் போய்க் கருகத் தொடங்கும். எங்கள் காற்றில் ஒரு மாதத்துக்குள் வண்டும் வைக்கும். செய்தே தீருவதென்றால் புது அரிசி, பாதிப் பை, ஒவ்வொரு தடவையும் அளந்து, இரண்டு கிழமையில் மாற்றுங்கள்.

லேஞ்சியை உருட்டி வாயால் ஊதிக் கண்ணில் வைப்பது: கண்ணில் தூசு விழுந்த பிள்ளைக்கு அம்மா செய்வது. மூச்சின் சூடு உடற்சூட்டுக்கு மேல் போகாது, ஆகவே சுடாது. எண்ணெயும் இளகாது. வாயின் கிருமி துணியில் இறங்கும். அழுகை நிற்க நல்லது, அழற்சிக்கு அல்ல.

ஒத்தணத்துக்குப் பிறகு

இமை இளஞ்சூடாக இருக்கும்போதே, ஒரு நிமிடத்துக்குள், எண்ணெயை வழித்து வெளியே விட வேண்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மேலிமைக்குக் கீழே பார்த்தபடி மேலிருந்து கீழாக, கீழிமைக்கு மேலே பார்த்தபடி கீழிருந்து மேலாக, இமையோரம் வரை விரல்நுனியால் மெதுவாக உருட்டுங்கள். மூக்குப் பக்கம் தொடங்கிக் காதுப் பக்கம் முடிய, நாலைந்து தடவை போதும். தோலை நகர்த்தும் அளவு அழுத்தம், கண்மணியை அமுக்கும் அளவு அல்ல.

பட்டியின் பாரம் பற்றி மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். சூடான கருவிழி சற்று இளகிய நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அமுக்கினாலோ கசக்கினாலோ அதன் மேற்பரப்பில் தற்காலிகமாகச் சுருக்கம் விழுந்து பார்வை மங்கும். சில நிமிடத்தில் தெளிய வேண்டும். தெளியும்வரை மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். கருவிழி கூம்பும் நோய் உள்ளவர்களும், குடும்பத்தில் அது இருப்பவர்களும், கண் கசக்கும் பழக்கமுள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டுத்தான் இதையெல்லாம் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மங்கல் நெடுநேரம் நின்றால் அழுத்தமோ சூடோ கூடிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு இமையோரத்தைத் துடைப்பது. கொதித்தாறிய தண்ணியில் பஞ்சை நனைத்து, மயிர்வரிசை நீளத்துக்கு ஒரு பக்கமாக வழியுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பேபி ஷாம்பூ போடச் சொன்னால் ஒரு முட்டைக்கோப்பைத் தண்ணிக்கு மூன்று சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்; காய்ந்த கண்ணை அது இன்னும் காய வைக்கும். நேரே கிணத்துத் தண்ணியில் துடைக்காதீர்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுபவை, உப்பும் சுண்ணாம்பும் இமையில் படியும். கொன்ராக்ட் லென்ஸ் போடுபவருக்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. கொதிக்காத தண்ணியில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸ் வழியாகக் கருவிழியைத் தின்றுவிடும். ஒத்தணத்துக்கு முன்பே லென்ஸைக் கழற்றுங்கள், தண்ணியே படாமல் வையுங்கள். கண்ணுக்குள் கோடாக இழுக்கும் மையையும் நிறுத்துங்கள். அது உட்காரும் இடம்தான் சுரப்பியின் வாய்.

முதல் இரண்டு முதல் நாலு கிழமைக்குத் தினம் இரண்டு வேளை, ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். பிறகு ஒரு வேளை. மூன்றாம் நாளே பலன் கேட்காதீர்கள். விட்டால் திரும்ப வரும்.

யாருக்கு வேண்டாம்

அண்மையில் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்தவர், கண்ணுக்குள் ஊசி போட்டவர் வைத்தியர் சொல்லும்வரை தொடக்கூடாது. முகத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு, அக்கி வந்து ஆறினவர், பக்கவாதம் வந்தவர், நரம்பு பாதிக்கப்பட்ட நீரிழிவுக்காரர் ஆகியோருக்கு, 'சுடுகிறதா' என்று கேட்டு வைக்கவே கூடாது. வெப்பமானி சொல்வதே சொல். சிறுபிள்ளைகளுக்குப் பெரியவர் பிடித்துக்கொண்டு, 40 பாகையில், ஐந்து நிமிடம். முகம் சிவந்து கொதிக்கும் ரொசேசியா உள்ளவருக்குக் கூடின சூடு அதைக் கிளப்பும். ஒவ்வாமையில் இமை திடீரென ஊதிச் சொறிந்தால் சூடு அல்ல, குளிர்தான் வேண்டும்.

தினமும் வைக்கிற இமைத்தோலில் வலை பின்னினது போலக் கபில நிறம் விழுந்தால் சூடு கூடுதல். கொப்புளம் போடாமலே, மெல்லிய சூடு மாதக்கணக்கில் படுவதால் வரும் தழும்பு அது. நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று பாகை குறைத்துத் தொடங்குங்கள். கொப்புளமே வந்துவிட்டால் ஓடும் குளிர்ந்த சுத்தத் தண்ணியில் இருபது நிமிடம் நனைத்துக்கொண்டு வைத்தியரிடம். பற்பசையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

இமை முழுவதும் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், கண்ணை அசைக்க நொந்தால், பார்வை குறைந்தால், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால், அன்றைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். நடுத்தர வயதைத் தாண்டியவருக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்து, அந்த இடத்து இமைமயிரும் கொட்டினால், அது கட்டியாகவே இராமல் சுரப்பியில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். சிறு துண்டு வெட்டிச் சோதித்தால்தான் தெரியும். அதற்கு ஒத்தணம் பிடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்தாதீர்கள்.